பத்தடி அறையில் நடன இசை: கிக்கும் பேஸும் மோதாமல் மிக்ஸ் செய்வது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்னறை 10 அடிக்கு 10 அடி. ஒரு ஸ்டீல் பீரோ, ஒரு மேசை, இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். அங்கே நான் உருவாக்கிய முதல் நடன டிராக்கைத் தெருத் திருவிழாவில் வாடகை ஸ்பீக்கரில் போட்டபோது ‘ஊம்’ என்ற முழக்கம் மட்டுமே கேட்டது. மெட்டு இருந்த இடமே தெரியவில்லை. வீட்டில் அத்தனை நன்றாக ஒலித்ததே என்று நெஞ்சு வலித்தது. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. உங்களுக்கு அது ஒரே மாலையில் புரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அறை

சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. இந்தக் கணக்கில் 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 20 அடி; அதில் சரிபாதி நம் அறையின் நீளம். எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் அந்த அலை அறைக்குள் ஒரே வடிவில் நிலைத்துவிடும். சுவரோரம் அது பெருத்துக் கேட்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய மறைந்துபோகும். கிக்கின், அதாவது ‘தும் தும்’ என்று தாளம் போடும் டிரம் அடியின், உயிர் இருப்பதும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம்தான். நான் நாற்காலியை நட்டநடுவில் போட்டிருந்தேன். கிக் மெலிந்து கேட்டதால் ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 6 டெசிபல் ஏற்றினேன். திருவிழாவில் ஒலித்த முழக்கம் அந்த 6 டெசிபல்தான்.

ஆகவே நாற்காலியை முன்சுவரிலிருந்து 4 அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு நகர்த்துங்கள். பிறகு 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலியை ஓடவிட்டுக் கேளுங்கள். எங்கே பொங்குகிறது, எங்கே மறைகிறது என்று ஒரு தாளில் எழுதி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். என் அறையில் ஒரு குறிப்பிட்ட ஒலி வந்தால் பீரோக் கதவு கிடுகிடுவென நடுங்கும்; அதைப் பேஸின் (ஆழமான அடிச்சுரத்தின்) பலம் என்று நம்பியிருந்தேன். நான்காக மடித்த செய்தித்தாளைக் கதவிடுக்கில் செருகிய பிறகுதான் உண்மையான பேஸ் காதில் விழுந்தது. மூலையில் மெத்தையைச் சுருட்டி வைத்தால் போதும் என்பார்கள். அது கூர்மையான ஒலிகளை உறிஞ்சும். 57 ஹெர்ட்ஸை அசைக்காது. அந்தப் பகுதியைச் சோதிக்க ஹெட்ஃபோனையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் தெருமுனையில் உறுமிக்கொண்டிருக்கும்போது பேஸைத் தொடாதீர்கள். அந்த உறுமல் பேஸை மூடிவிடும், கை தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றிவிடும்.

எல்லா ஃபேடர்களையும் இறக்குங்கள்

கிக்கை மட்டும் ஏற்றி, அதன் உச்சம் மைனஸ் 10 டெசிபலில் நிற்குமாறு வையுங்கள் (இந்த அளவுகோலில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு). அடுத்து பேஸ், பிறகு கைத்தட்டல், மெட்டு என ஒவ்வொன்றாகச் சேருங்கள். எல்லாம் சேர்ந்த பிறகும் மாஸ்டர், அதாவது மொத்த ஒலியின் சேனல், மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. பக்கத்தில் பேசுபவர் குரல் கேட்கிற அளவுக்கே ஒலி இருக்கட்டும்.

கிக்கும் பேஸும்

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். மிக ஆழமான ஒலிப்பகுதியான அடித்தளம் இந்த இரண்டில் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 55 ஹெர்ட்ஸில் நீண்டு ஒலிக்கும் பேஸ் உங்களுக்குப் பிடித்திருந்தால், குறுகிய வால் உள்ள (சட்டென்று அடங்கிவிடும்), 90 ஹெர்ட்ஸ் பக்கம் குத்துகிற கிக்கைத் தேர்ந்தெடுங்கள். கிக் ஆழமானதாக இருந்தால் பேஸைக் குறுக்குங்கள். சரியான கிக்கைத் தேடி எடுப்பது பத்து ஈக்வலைசர்களை விட மேல் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது சைட்செயின். பேஸ் சேனலில் ஒலியைத் தானாக அமுக்கும் ஒரு கம்ப்ரஸரைப் போட்டு, கிக்கின் ஒலியை அதற்குக் கட்டளையாகக் கொடுங்கள். கிக் விழும் கணத்தில் பேஸ் 4 முதல் 6 டெசிபல் குனிந்து வழிவிட வேண்டும். எவ்வளவு நேரத்தில் நிமிர வேண்டும்? டிராக்கின் வேகம் நிமிடத்துக்கு 128 தட்டு என்றால் ஒரு தட்டு சுமார் 469 மில்லிநொடி, அதில் பாதி 234. அதற்குள் பேஸ் முழுதாகத் திரும்பிவிட வேண்டும். கம்ப்ரஸர் பிடியை விடும் நேரமான ரிலீஸை 120 மில்லிநொடியில் தொடங்கி, தலை தானாக ஆடும் வரை திருகிப் பாருங்கள்.

செல்போன் ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் கேட்காது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை இலேசாகச் சிதைக்கும் விளைவு) சேர்த்தால் 110, 165, 220 ஹெர்ட்ஸில் அதன் மடங்குகள் பிறக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு காது மீதியை நிரப்பிக்கொள்ளும்.

மற்றவை

பேஸும் கிக்கும் தவிர மற்ற சேனல்களில் அடியொலியை வெட்டுங்கள். நான் தெருவில் செல்போனில் பதிவு செய்த பறையோசையில், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்றும் பஸ் இரைச்சலும் மட்டுமே இருந்தன. வெட்டியதும் குச்சி தோலில் படும் சத்தம் பளிச்சென்று வந்தது. மெட்டு மந்தமாக இருந்தால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் 2, 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள்.

மோனோ சோதனை

திருவிழாவில் என் மெட்டு காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். அகலமாக ஒலிக்க வேண்டும் என்று இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிர்நிலையில் ஓடுமாறு செய்திருந்தேன். தெரு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மோனோவில், அதாவது இடமும் வலமும் ஒன்றாகக் கலந்த ஒற்றை ஒலியில், ஓடுகின்றன. இரண்டும் கூடியதும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. மாஸ்டரில் மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். ஏதாவது மறைந்தால் அதன் அகலத்தைக் குறையுங்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே மோனோவாக இருக்கட்டும்.

கடைசியாக, உங்களுக்குப் பிடித்த நடனப் பாடல் ஒன்றைப் பக்கத்துச் சேனலில் வைத்து ஒப்பிடுங்கள். வெளியான பாடல்கள் உரக்க இருக்கும் என்பதால், உங்கள் டிராக்கின் அளவுக்கு அதை இறக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். மாஸ்டரில் ஒலியின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் இருந்தால் எடுத்துவிட்டு, 24 பிட் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். மறுநாள் காலை, லாரிகள் வருவதற்கு முன், அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள்.