அரிச்சல்முனைக்கு நடந்து போகிறவர்களுக்கு

தனுஷ்கோடி இடிபாடுகளில் இருந்து, நிலம் முடிகிற அரிச்சல்முனை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். போக வர 10. தூரம் பெரிதில்லை, நிழல் இல்லாததுதான் தொல்லை. விடியற்காலையிலேயே கிளம்பி, பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

முழுக்க மணலில் நடக்கலாம் என்று நினைக்காதீர்கள். காய்ந்த மணலில் கால் புதைந்து, ஒரு கிலோமீட்டரிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அலை நனைத்துவிட்டுப் போன ஓரம் இறுக்கமாக இருக்கும், அதிலே நடங்கள். அலுத்தால் பக்கத்திலேயே தார்ச்சாலை. நான் போகும்போது மணலிலும் திரும்பும்போது சாலையிலும் நடப்பேன். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுவிடாதீர்கள், ஏறுவெயிலில் தேவைப்படும்.

இன்னொன்று, காற்று. திரும்பும்போது எதிர்க்காற்று என்றால் அரைமணி நேரம் கூடுதலாகும். ஆடியில் மணல் ஊசி மாதிரி முகத்தில் குத்தும், ஒரு துண்டு இருந்தால் நல்லது. ஜனவரி, பிப்ரவரிதான் சுகம். பூநாரையும் கண்ணில் படலாம்.

முனையில் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்க வேண்டாம். இரண்டு கடலும் சேருகிற இடம், இழுப்பு அதிகம். அப்புறம், மாலையில் வாகனங்களை உள்ளே விடமாட்டார்கள். அந்த நேரத்துக்குத் திட்டமே போடாதீர்கள்.