பக்கியின் மூக்கைத் தூக்குமுன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிக்அப் வண்டியைப் பக்கி என்போம். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் காதில் விழுந்தால் யாரையோ திட்டுகிறேன் என்று நினைப்பார். போன சனிக்கிழமை சாட்ஸ்வர்த்தில் என் வீட்டு வாசலில் அக்கா மகன் தன் ஃபோர் பை ஃபோர் ஹைலக்ஸை நிறுத்தினான். கையில் ஒரு ஜோடி ஸ்பேசர், ஷாக் அப்சார்பர் தலையில் வைத்து வண்டியை உயர்த்தும் கட்டைகள்.

"முன்பக்கம் 50 மில்லிமீட்டர் ஏறணும் மாமா, அதான் 50 மில்லி வாங்கினேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன். ஜாக்கை நம்பி அடியில் படுக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், விடுங்கள்.

ஸ்பேசரின் கனம் வேறு, ஏறும் உயரம் வேறு

பின்னால் சுமைக்காக லீஃப் ஸ்பிரிங் உயர்ந்திருப்பதால் காலி பக்கி மூக்கைக் கவிழ்த்தபடி நிற்கும். அதைச் சமமாக்க முன் ஷாக்கின் தலையில் ஸ்பேசர் வைக்கிறோம். ஷாக்கின் கால் சக்கரத்தில் இல்லை, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் நடுப்பக்கம் இருக்கிறது. அங்கே கொஞ்சம் இறங்கினால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இறங்கும். 25 மில்லி ஸ்பேசருக்கே வண்டி 50 மில்லிக்குக் கிட்டே ஏறிவிடும். 50 வைத்தால் 100.

நான் வைத்தேன். வண்டி சிங்கம் மாதிரி நின்றது. அப்புறம் சானி பாஸ் மலைப்பாதை ஏறினேன். குழிக்குள் சக்கரம் தொங்கும்போதெல்லாம் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் இடித்தது, ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயிண்ட் அதன் எல்லையில் போய் முட்டியது. சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஷாஃப்ட் சாய்ந்து நின்றதில் ரப்பர் உறை கிழிந்தது. கிரீஸ் வெளியே, மணல் உள்ளே. மூன்றாம் மாதம் திருப்பத்தில் டக் டக் சத்தம். சிவி, பால் ஜாயிண்ட் எல்லாம் மாற்றியதில் டயருக்குக் கொடுத்ததைவிட அதிகம் போனது. ஸ்பேசர் விற்றவரோ, "ஏறணும்னுதானே கேட்டீங்க" என்றார். இன்றும் எரிகிறது.

கம்பெனி ஆர்மோடு 50 மில்லிக்கு மேல் ஏற்றாதீர்கள். அதையும் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாறினால் கணக்குப் போச்சு. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை, முன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ரிம்மை முதலில் வாங்குவது

ரிம்மின் நடுவுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள இடைவெளிதான் ஆஃப்செட்; அது குறைந்த ரிம் டயரை வெளியே தள்ளும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் பம்பரிலும் உள் லைனரிலும் உரசும். "ஏற்றிவிட்டேனே, உரசாது" என்பார்கள். மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே வரத்தானே செய்யும்? ஒரு சக்கரத்தைக் கல் மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை ஒடித்துப் பாருங்கள், தெரியும்.

கீழ் ஆர்ம் புஷ் போல்ட்

ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்து ரப்பர்தான் புஷ். அதன் போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு, வண்டி தரையில் நிற்கும்போது மட்டும்.

அலைன்மெண்ட்

அன்றைக்கே. ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வான கேஸ்டர் குறைந்தால் என்2 நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும்.

ஹெட்லைட்

வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள், மூக்கோடு அதுவும் ஏறியிருக்கும்.

ஸ்பீடோமீட்டர்

265/65 ஆர்17 அளவு டயர் போய் 285/70 ஆர்17 வந்தால் சக்கர விட்டம் 7 சதவீதம் கூடும். மீட்டரில் அதே 120 இருக்கும், வண்டி முன்பைவிட 7 சதவீதம் வேகமாகப் போகும். வேகத்தைப் பிடிக்கும் கேமராவிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

அக்கா மகன் 50-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு 25 வாங்கி வந்தான். ரிம் மட்டும் போன மாதமே வாங்கிவிட்டானாம்.