பழைய டன்ஜன் சாகசத்தின் புதிய பதிப்பை வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து, அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் மெல்லிய புத்தகங்களாகக் கொண்டுவந்த சாகசங்கள் (ஆடுவதற்கென்று முன்கூட்டியே எழுதப்பட்ட கதைக்களங்கள்) பலவும் இன்று, 2014இல் வந்த ஐந்தாம் எடிஷன் விதிகளுக்கு மாற்றப்பட்டு, கெட்டி அட்டையும் வண்ணப் படங்களுமாக மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் அட்டையைப் பார்க்கிறார்கள், பக்க எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள். பழைய சாகசம் எந்த விதிகளை நம்பி எழுதப்பட்டதோ அந்த விதிகள் போன இடத்தில் புதிய பதிப்பு எதை வைத்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில், வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி அது ஒன்றே.

‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ சாகசத்தை எடுத்துக்கொள்வோம். கேரி கைகாக்ஸ் எழுதி, 1979ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான இதில், ஒரு பள்ளத்தாக்கின் இருபுறமும் குகைகள் இருக்கின்றன; கோப்ளின், ஆர்க், நோல் என்று ஒவ்வோர் அரக்கர் கூட்டமும் ஒரு குகையில் வாழ்கிறது. கோப்ளின்களின் காவலறையில் அபாயக் குரல் எழுந்தால், அவை ஒரு ரகசியக் கதவைத் திறந்து 250 பொற்காசுகள் அடங்கிய பையைப் பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகர் என்ற பெரிய அரக்கனிடம் வீசும். காசைப் பெற்றதும் அந்த ஓகர் சண்டைக்கு வந்து நிற்கும். ஆனால் அதே ஓகருக்கு அதைவிடப் பெரிய தொகையைக் கண்முன்னே காட்டினால், பெரும்பாலும் அது காட்டியவர் சொல்வதைக் கேட்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு சுவையான காட்சி, அவ்வளவுதான். ஆனால் அக்காலத்து விதிகளில், கதாபாத்திரத்தை அடுத்த நிலைக்கு உயர்த்தும் அனுபவப் புள்ளிகளின் பெரும்பகுதி, கொன்ற அரக்கர்களுக்காக அல்லாமல், வெளியே கொண்டுவந்த பொன்னுக்காகவே கிடைத்தது. எனவே ஓகரை விலைக்கு வாங்குவதும், ஆர்க்குகளைக் கோப்ளின்கள் மீது ஏவிவிடுவதும், சண்டையே போடாமல் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஆட்டக்காரர்களுக்கு லாபமான வழிகளாக இருந்தன. எதிரில் வருபவை நட்பாக நடந்துகொள்ளுமா, பகையாக நடந்துகொள்ளுமா என்பதற்கும், அடி விழுந்ததும் நின்று போரிடுமா, ஓடிவிடுமா என்பதற்கும் தனித்தனியே பகடை உருட்டும் பழக்கம் இந்த வழிகளைத் திறந்தே வைத்திருந்தது.

ஐந்தாம் எடிஷனில் பொன்னுக்கு அனுபவப் புள்ளி இல்லை. மன உறுதிக்கான பகடை விருப்ப விதியாக ஒரு மூலையில் இருக்கிறது. பெரும்பாலான மேசைகளில் அதை யாரும் எடுப்பதில்லை. இப்போது அதே குகைகளை, அதே எண்ணிக்கையிலான அரக்கர்களுடன், எண்களை மட்டும் மாற்றி அச்சிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு அறையும் ஒரு சண்டையாகிவிடும். பழைய விதிகளில் ஓர் ஆர்க்குக்குச் சராசரியாக நான்கு அல்லது ஐந்து ஹிட் பாயிண்ட்தான் (எவ்வளவு அடி தாங்கும் என்பதன் எண்). நீண்ட வாளால் நன்றாக விழுந்த ஒரே வெட்டில் அது சாய்ந்துவிடும். 2014ஆம் ஆண்டு வெளியான அரக்கர் புத்தகத்தில் அதே ஆர்க்குக்கு 15. ஆட்டக்காரர்களின் கதாபாத்திரங்களும் வலுவடைந்திருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனாலும் ஓர் அறையில் பத்து ஆர்க்குகள் என்றால், முன்பு சில நிமிடங்களில் முடிந்த மோதல் அந்த மாலைப் பொழுதையே தின்றுவிடக்கூடும். பழைய ஆர்மர் கிளாஸை, அதாவது ஒருவரை அடிப்பது எவ்வளவு கடினம் என்பதன் எண்ணை, கழித்துக் கூட்டிப் புதிய எண்ணாக மாற்றியதோடு மாற்றம் முடிந்துவிட்டது என்று கருதும் பதிப்புகளின் குறை இங்கேதான் தெரியவரும்.

ஓய்வின் கதையும் இதேபோன்றதுதான். முன்பு ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்தாலும் ஓரிரண்டு ஹிட் பாயிண்ட்தான் திரும்பும். ஆகவே ஒவ்வொரு தீப்பந்தமும் ஒவ்வொரு காயமும் கணக்கில் இருந்தது, ‘இன்னும் உள்ளே போகலாமா, திரும்பிவிடலாமா’ என்ற கேள்வியே ஆட்டத்தின் உயிராக இருந்தது. 2014ஆம் ஆண்டின் விதிகளில் எட்டு மணி நேர நீண்ட ஓய்வு எல்லா ஹிட் பாயிண்ட்களையும் திருப்பித் தருகிறது. நல்ல புதுப்பிப்பு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கும்: ஓய்வெடுக்கும் நேரத்தில் குகைவாசிகள் என்ன செய்வார்கள், யார் யாரை உதவிக்கு அழைப்பார்கள், எந்த வாயில் அடைக்கப்படும் என்பதையெல்லாம் எழுதிவைத்திருக்கும். வாங்குமுன் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

எல்லாச் சாகசங்களுக்கும் இந்தச் சிக்கல் ஒரே அளவில் இருப்பதில்லை. லாரன்ஸ் ஷிக் எழுதிய ‘ஒயிட் ப்ளூம் மவுண்டன்’ 1979இல் வந்தது. கொதிக்கும் சேற்றுக்கு மேலே சங்கிலிகளில் தொங்கும் மரத் தட்டுகளில் தாவித் தாவிக் கடக்க வேண்டிய குகை ஒன்று அதில் உண்டு. நடுநடுவே கொதி ஊற்றுகள் பீறிட்டு அடிக்கும். அந்த அறையின் சுவை எண்களில் இல்லை, ஆட்டக்காரர்கள் கூடிப்பேசித் திட்டமிடுவதில் இருக்கிறது. அதனால் எந்த எடிஷனுக்குக் கொண்டுபோனாலும் அது பெரிதாகக் கெடுவதில்லை. புதிரையும் இடத்தையும் நம்பிய சாகசத்தைத் துணிந்து வாங்கலாம். பொருளாதாரத்தையும் களைப்பையும் நம்பிய சாகசத்தை வாங்கும்போதுதான் கூடுதல் கவனம் தேவை.

பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணுவது அடுத்த தவறு. டிரேசி ஹிக்மேனும் லாரா ஹிக்மேனும் எழுதிய 1983ஆம் ஆண்டின் ‘ரேவன்லாஃப்ட்’ 32 பக்கம். கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே அதன் களம். அதை அடிப்படையாகக் கொண்டு 2016இல் வந்த ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ 256 பக்கம். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து, முதல் நிலையிலிருந்து பத்தாம் நிலை வரை கதாபாத்திரங்களை அழைத்துச் செல்கிறது. இரண்டுமே அருமையானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சில இரவுகளில் முடியும் ஒரு கோட்டைக் கதையை விரும்புபவர் பின்னதை வாங்கினால், பல மாதங்கள் ஓடும் கேம்பெயின், அதாவது தொடர் ஆட்டம், ஒன்றைத்தான் கையில் வைத்திருப்பார்.

தொகுப்புகளில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 2017இல் வந்த ‘டேல்ஸ் ஃப்ரம் தி யானிங் போர்ட்டல்’ ஏழு சாகசங்களைக் கொண்டது. ‘டூம்ப் ஆஃப் ஹாரர்ஸ்’, ‘ஒயிட் ப்ளூம் மவுண்டன்’, ‘அகென்ஸ்ட் தி ஜயன்ட்ஸ்’ ஆகியவை 1978, 1979ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ‘தி சன்லெஸ் சிட்டாடல்’ 2000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இவற்றை இணைக்கும் தொடர்கதை எதுவும் இல்லை, ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலைக்கானது. ஒரே ஒரு சாகசத்துக்காக மட்டும் இதை வாங்குவது வீண். இரண்டோ மூன்றோ பயன்படும் என்றால் நல்ல வாங்கல். அடிப்படை விதிப் புத்தகங்கள் இதில் அடங்காது என்பதையும், அரக்கர்கள் பலருக்கு அரக்கர் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 2024இல் திருத்திய விதிகள் வந்துவிட்டதால், புத்தகம் எந்த ஆண்டின் விதிகளுக்கானது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மூலமே மலிவாக மின்புத்தகமாகக் கிடைக்கும்போது புதியது எதற்கு என்பது சிலருடைய வாதம். பழைய சாகசங்கள் பல டிஎம்ஸ் கில்ட் தளத்தில் முறைப்படி விற்கப்படுவது உண்மைதான், ஆட்டத்தை நடத்தும், நேரமும் விருப்பமும் உள்ள டன்ஜன் மாஸ்டருக்கு அதுவே போதும். ஆனால் மேலே சொன்ன மாற்றங்கள் அனைத்தையும் அவரே செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு அறையிலும் எண்ணிக்கையைக் குறைப்பதா, ஹிட் பாயிண்டைக் குறைப்பதா, பொன்னுக்குப் புள்ளி தரும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதா என்று முடிவெடுத்தபடியே போக வேண்டும். அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவே குட்மேன் கேம்ஸ் பதிப்பகம் ஒரு வழி கண்டிருக்கிறது. 2018இல் வெளியான ‘இன்டு தி பார்டர்லேண்ட்ஸ்’ புத்தகத்தில், பழைய அச்சுப் பக்கங்கள் அப்படியே இடம்பெற்று, ஐந்தாம் எடிஷனுக்கான வடிவமும் உடன் இருக்கிறது. எது மாறியது, ஏன் மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் அறியேன்.

புத்தகத்தோடு வரும் இணைப்புகளைச் சரிபார்க்காமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. பொறிகள் நிறைந்த ஒரு கல்லறையைக் களமாகக் கொண்ட 1978ஆம் ஆண்டின் ‘டூம்ப் ஆஃப் ஹாரர்ஸ்’ புத்தகத்துடன், ஆட்டக்காரர்களுக்குக் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு படப் புத்தகம் வந்தது. நுழைவு நடைபாதையின் முடிவில், கன்னங்கரேலென்று வாய் பிளந்து நிற்கும் அந்தப் பச்சைப் பேய்முகத்தை நீட்டிக் காட்டும்போது மேசையில் எழும் தயக்கத்தை வெறும் சொற்களால் கொண்டுவர முடியாது. அந்த வாய்க்குள் நுழைந்தவர் அத்தோடு அழிந்துவிடுவார் என்பதால் அந்தத் தயக்கம் மிகவும் முக்கியம். நீங்கள் வாங்கும் பதிப்பில் அத்தகைய படங்களும், ஆட்டக்காரர்களுக்குக் காட்டத் தகுந்த வரைபடங்களும் இருக்கின்றனவா, அந்தப் பொறிகளின் கொடுமை அப்படியே விடப்பட்டிருக்கிறதா, மென்மையாக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அது பிழையில்லை. உங்கள் மேசையில் அமரப்போகிறவர்கள் ஆசையாக வளர்த்த கதாபாத்திரத்தை ஒரே தவறான அடியில் இழப்பதற்குச் சம்மதிப்பவர்களா என்பதையும், அவர்களில் யாராவது அந்தக் கல்லறைக்குள் ஏற்கெனவே போய்வந்தவர்களா என்பதையும் மட்டும் பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.