பம்பைக் குறை சொல்லும் முன்: பழைய பென்ஸில் ஃபியூல் பம்ப் மாற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். "அண்ணே, புதுப் பம்ப் போட்டுப் பன்னிரண்டு நாள்தான் ஆகுது. மறுபடியும் அதே சத்தம்ணே." வண்டி 1996 மாடல் பென்ஸ் இ220. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "டேங்க் சல்லடையைக் கழற்றிப் பார்த்தியா தம்பி?" அந்தப் பக்கத்திலிருந்து பதிலே இல்லை. 2017-ல் இதே கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டபோது நானும் அப்படித்தான் முழித்துக்கொண்டு நின்றேன்.

டபிள்யூ124 என்று வண்டிப் பிரியர்கள் சொல்லும் வகை இது. 1995-ல் டாடாவோடு சேர்ந்து புனேயில் பென்ஸ் கார்களைத் தயாரிக்க ஆரம்பித்தபோது முதலில் வந்தவை இவைதான். அன்றைக்குத் தொழிலதிபர் வீட்டு வாசலில் நின்ற வண்டி, இன்றைக்குப் புது மாருதியை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதனால் சம்பளக்காரப் பையன்கள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். கம்பெனி சர்வீஸுக்குக் காசு கட்டாது என்று வீட்டிலேயே ஸ்பானரையும் எடுக்கிறார்கள். தப்பில்லை, நானும் அப்படி வந்தவன்தான்.

இந்த வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்காது. வண்டிக்கு அடியில், வலது பின் சக்கரத்துக்கு முன்னால், பில்டரும் பம்பும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். டேங்க் பின் சீட்டுக்குப் பின்னால். பம்ப் இப்படிக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதால்தான் எல்லோருக்கும் தைரியம் வருகிறது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே, பேட்டரியைக் கழற்று, பக்கத்தில் பீடி பிடிக்காதே என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கத்துகிற பம்ப் கெட்டுப்போன பம்ப் என்று முடிவு கட்டுவது

இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒன்றுக்காகத்தான். என் பணம் போனதும் இதில்தான்.

நான் வண்டி வாங்கி நாலு மாதத்தில் பின்பக்கத்திலிருந்து "ஙொய்ய்ய்" என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. கொசுவுக்கு மைக் வைத்த மாதிரி. டவுனுக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி 100-ஐத் தொட்டு அரை மணி நேரம் போனால் பிக்கப் குறையும், ஆக்சலேட்டரை மிதித்தாலும் வண்டி தயங்கும். அப்புறம் நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து செல்ஃப் அடித்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: பம்ப் சூடாகி நிற்கிறது, மாற்று. மாற்றினேன். 14,000 ரூபாய். ஐந்தாறு நாள் அமைதி. அதற்குள் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பத்தொன்பதாவது நாள், அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில் மதுராந்தகம் தாண்டி வண்டி நின்றது. பட்டுப்புடவையோடு அம்மா ரோட்டோரம், கையில் தாம்பூலத்தட்டு. இந்தத் தடவை டீ குடித்தும் கிளம்பவில்லை.

கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று சண்டை போட்டேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம். வேறு கடையில் இரண்டாவது பம்ப் வாங்கினேன். அதுவும் ஒரு வாரத்தில் முனக ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் புதுப்பேட்டையில் பழைய பென்ஸ் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பாயைத் தேடிப் போனேன். அவர் வண்டிக்கு அடியில் குனியக்கூட இல்லை. ரோட்டில் நின்றபடியே சத்தத்தைக் கேட்டார். பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "டேங்க் சல்லடையைக் கழற்றினியா தம்பி?" என்றார்.

வீட்டில் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஃபுட் வால்வில் பாசி அடைத்தால் மோட்டார் கத்தும், தண்ணீர் விட்டு விட்டு வரும். அதற்காக மோட்டாரையா மாற்றுகிறோம்? வண்டியிலும் அதே கதைதான். இந்த வகைப் பம்ப் தள்ளுவதில் கெட்டிக்காரன், உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. டேங்க் உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானாக இறங்கி வந்து பம்பின் வாயை நிரப்ப வேண்டும், அதை அழுத்தி முன்னால் அனுப்புவது மட்டும்தான் பம்பின் வேலை. வழி அடைத்துக்கொண்டால் பம்ப் வெறும் வாயை மெல்லும். அப்போது அழுத்தம் குறைந்து பெட்ரோலில் குமிழ்கள் கிளம்பும், அவை உள்ளே நசுங்கி உடையும். நாம் கேட்கும் சத்தம் அதுதான். உள்ளே ஓடும் பெட்ரோல்தான் பம்பின் மோட்டாருக்குக் குளிர்ச்சியும் மசகும். அது குறைந்தால் புதுப் பம்ப் என்ன, எந்தப் பம்பும் தாங்காது.

நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கிளப்பினால் ஓடுகிறதே, அதற்கும் விடை இங்கேதான். பம்ப் ஓடும்வரை அழுக்கு சல்லடையில் அப்பிக்கொண்டு நிற்கும். நின்றதும் உதிர்ந்து டேங்கின் அடியில் படியும். வழி திறக்கும். நாமோ, சூடு ஆறியது, அதனால் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சல்லடை டேங்கின் அடிப்பக்கத்தில் மரை போட்டு ஏற்றியிருக்கும். 46 எம்.எம். ஸ்பானர் வேண்டும். நம் பெட்டியில் இருக்காது. நான் லாரிப் பட்டறை ஒன்றில் இரவல் வாங்கினேன். டேங்கை முழுக்க வடித்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். கழற்றி வந்ததை உள்ளங்கையில் தட்டினேன். வலைக்கண் எதுவும் தெரியவில்லை. செம்மண் குழைத்துப் பூசிய மாதிரி துரு, அதன் மேல் கறுப்பாக ஒரு பிசின். விரலால் தேய்த்தால் நறநறவென்றது. நின்றுபோன முதல் பம்பை ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தபோது உள்ளே உருளைகள் ஓடும் சுவரில் இதே செம்பொடி, அதோடு நகத்தால் கீறினது போலக் கோடுகள். வலையைத் தாண்டி வந்த பொடி பம்பை அரைத்திருக்கிறது.

வெறுப்பாக இருப்பதற்குக் காரணம், இந்தத் தவறு வர வரக் கூடிக்கொண்டே போவது. நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டு, 2025-ல் 20-க்கு வந்துவிட்டது. எத்தனால் பழைய டேங்கில் வருடக்கணக்காக ஒட்டியிருக்கும் பிசினை இளக்கிவிடும். காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். நம் ஆட்கள் இந்த வண்டியை வாரம் ஒரு தடவை, ஞாயிறு காலை பீச் ரோட்டுக்கு மட்டும் எடுப்பவர்கள். மிச்ச நாளெல்லாம் பாதி டேங்கோடு வண்டி நிற்கும். சேர்ந்த தண்ணீர் அதிகமானால் பிரிந்து அடியில் இறங்கும். சல்லடை இருப்பதும் அடியில்தான்.

ஆகவே பம்பைத் தொடும் முன் இவற்றைப் பாருங்கள். சத்தம் வரும்போது பெட்ரோல் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்றை இழுத்து, சத்தமும் உடனே குறைந்தால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது, சல்லடைகூட இல்லை. டேங்க் நிறைந்திருக்கும்போது சத்தம் குறைவு, காலியாக ஆகக் கூடுகிறது என்றால் உறிஞ்சும் பக்கத்தில்தான் கோளாறு. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஓஸையும் சேர்த்து மாற்றுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ஊறிப்போய் இழுவையில் சப்பிக்கொள்ளும். சல்லடையோடு டேங்கின் உட்புறமும் துரு என்றால் டிக்கி வழியாக டேங்கை இறக்கிச் சுத்தம் செய்யாமல் புதுப் பம்ப் வாங்காதீர்கள். ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும் வேலைதான். நான் இரண்டு பம்புக்கும் ஒரு டோயிங் வண்டிக்கும் கொடுத்ததோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

பிரஷர் மட்டும் பார்ப்பது

கேஜ் மாட்டி, ஐடிலில் பிரஷர் சரியாக இருக்கிறது, அதனால் பம்ப் சரி என்பார்கள். ஐடிலில் இன்ஜின் குடிப்பது ஒரு சொட்டு. அதற்கு எந்தப் பம்பும் பிரஷர் காட்டும். அளவையும் பாருங்கள். இன்ஜினிலிருந்து டேங்குக்குத் திரும்பும் பைப்பைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி, அந்த இடத்தில் ஜம்பர் வயர் போட்டுப் பம்பை ஓட்டினால் 40 வினாடிக்குள் ஒரு லிட்டர் வர வேண்டும். நான் வைத்திருக்கும் கணக்கு இது. அப்போதே பம்பின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியில் 12-க்கு மேல் இருந்து பம்பில் 10 சொச்சம்தான் வருகிறது என்றால் கோளாறு வயரில், அல்லது எர்த்தில்.

ரிலேயை மறப்பது

சத்தமே இல்லாமல் நிற்கும் பம்புக்கு முதல் சந்தேகம் ரிலே மேல்தான் வர வேண்டும். உள்ளே சால்டரில் மயிரிழை விரிசல் விழும், சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும். முப்பது வருஷ ரிலேயில் இது சகஜம்.

பழைய வாஷர்

போடாதீர்கள். பைப் இணைப்புகளுக்குப் புது வாஷர் டீ, வடைக் காசுதான்.

பில்டரின் பிளாஸ்டிக் உறை

பில்டரைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கும். பழசைக் கழற்றும்போது அது உடைந்து வரும், அல்லது பழைய பில்டரோடு குப்பைக்குப் போகும். "என்னத்துக்கு இது" என்று புது பில்டரை நேரே இரும்புப் பட்டியில் வைத்து முறுக்கிவிடுவார்கள். பில்டர் அலுமினியம், பட்டி இரும்பு. நடுவில் மழைத்தண்ணீர் புகுந்தால் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். ஊசித் துளை ஒன்று விழுந்தால் போதும், பம்ப் பிரஷரில் பெட்ரோல் பீச்சும், அதுவும் சைலன்சருக்கு ரொம்ப தூரம் இல்லாத இடத்தில். உறை கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை வேலையை நிறுத்தி வையுங்கள்.

ஏதோ ஒரு ஓஸ்

கடையில் "பெட்ரோல் ஓஸ் ஒரு மீட்டர்" என்று கேட்டால் கார்புரேட்டர் காலத்து ஓஸைத்தான் வெட்டிக் கொடுப்பார்கள். அது இன்ஜெக்ஷன் வண்டியின் பிரஷருக்கும் ஆகாது, இன்றைய எத்தனாலுக்கும் ஆகாது. ஓஸின் மேல் ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிளாம்பும் ஓட்டை ஓட்டையாக வரிபோட்ட வகை வேண்டாம், ரப்பரை அறுக்கும். உட்புறம் வழுவழுவென்று இருக்கும் இன்ஜெக்ஷன் கிளாம்ப் தனியாகக் கிடைக்கிறது.

பிளஸ், மைனஸ்

மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், பெட்ரோல் வராது. கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ.

மாட்டியதும் செல்ஃப் அடிப்பது

புது பில்டரும் பம்பும் காலியாக இருக்கும். பத்து வினாடி, இருபது வினாடி என்று செல்ஃப் அடித்து பேட்டரியைக் காலி செய்யாதீர்கள். சாவியை ஆன் பண்ணினால் பம்ப் ஒரு நொடி ஓடி நிற்கும். ஆன், ஆஃப் என்று ஏழெட்டுத் தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் டார்ச் லைட்டோடு கீழே பார்க்கட்டும். எங்கும் ஈரம் இல்லை என்றால்தான் ஸ்டார்ட். பிளாஸ்டிக் மூடியை அன்றைக்கே மாட்டிவிடாதீர்கள். ஒரு ராத்திரி விட்டு, காலையில் குளிர்ந்த வண்டியில் திரும்பப் பாருங்கள். சூட்டில் கசியாத வாஷர் குளிரில் கசியும்.

பழைய பம்பை எடைக்குப் போடுவது

ஆவடித் தம்பி நல்லவேளை போடவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வீட்டு வாசலில் டேங்கை வடித்துச் சல்லடையை இறக்கினோம். என்னுடையதை விட மோசம். டேங்கைக் கழுவி, புதுச் சல்லடை, புது ஓஸ் எல்லாம் போட்டதும் அவனுடைய பன்னிரண்டு நாள் பம்பை மாட்டிப் பார்த்தோம். உள்ளே ஏற்கெனவே அரைபட்டிருந்தது, முனகல் போகவில்லை. ஷெட் மூலையில் நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருந்த பழைய பம்பை எடுத்து வரச் சொன்னேன். 1996-ல் புனேயில் மாட்டிய அதே பம்ப். 37 வினாடியில் ஒரு லிட்டர் கொடுத்தது. இப்போது அதில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.