பொது இடத்தில் துப்பாக்கி: அமெரிக்க வாதங்களை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவில் துப்பாக்கியைப் பற்றி எழும் சர்ச்சை எதுவானாலும், அதில் நான்கு தனித்தனிக் கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் துப்பாக்கி வாங்கலாமா, அதை வீட்டில் வைத்திருக்கலாமா, தோட்டா நிரப்பி இடுப்பில் செருகிக்கொண்டு தெருவிலும் கடையிலும் நடமாடலாமா, எந்த நெருக்கடியில் அதைச் சுடலாம் என்பவையே அவை. நான்குக்கும் சட்டம் வேறு, சான்றும் வேறு. இந்த வழிகாட்டி மூன்றாவது கேள்விக்கு மட்டும் உரியது. அந்தக் கேள்வியில் ஒரு முடிவுக்கு வர விரும்புகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய சோதனை ஒன்று உண்டு: தம் முன் வைக்கப்படும் வாதம் உண்மையிலேயே பொது இடத்தில் ஏந்துவதைப் பற்றியதா, அல்லது மற்ற மூன்றில் ஒன்றிலிருந்து கடன் வாங்கப்பட்டதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்ப்பது.

இந்தச் சோதனையைப் பயன்படுத்தினால் இரு தரப்பிலும் பல வாதங்கள் உடனே விலகிப்போகும். 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேற்பட்டவர்கள் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு காட்டுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்த மரணங்கள் ஒவ்வொன்றும் பெருந்துயரம்தான். ஆயினும் அவற்றைத் தடுக்கும் வழிகள் பாதுகாப்பாகப் பூட்டிவைத்தல், வாங்குவதற்கு முன் காத்திருப்புக் காலம், நெருக்கடியில் இருப்பவரிடமிருந்து ஆயுதத்தைத் தற்காலிகமாக அகற்றும் நீதிமன்ற ஆணை ஆகியவற்றில் இருக்கின்றனவே தவிர, தெருவில் ஏந்துவதற்கான உரிமச் சட்டத்தில் இல்லை. எனவே, மொத்த எண்ணிக்கையைக் காட்டி உரிமத்தைப் பற்றி வாதிடுபவர் பொருந்தாத சான்றைத் தருகிறார். அதேபோல, நள்ளிரவில் வீடு புகுந்த திருடனைத் துப்பாக்கி காட்டி விரட்டிய குடும்பத்தின் கதையும் இங்கே பொருந்தாது. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை 2008லேயே உறுதிசெய்யப்பட்டுவிட்டது.

சட்டத்தை வரிசைப்படி படியுங்கள்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாம் திருத்தம் ஒரே வாக்கியம். அதன் முற்பகுதி ஒழுங்குபடுத்தப்பட்ட குடிமக்கள் படையைப் பற்றியது. பிற்பகுதி ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையைப் பற்றியது. இவற்றுள் எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்ற பழைய விவாதத்தை, வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையைச் செல்லாததாக்கிய உச்ச நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு ஹெல்லர் தீர்ப்பு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தனிமனித உரிமையின் பக்கம் தீர்த்துவைத்தது. 2010இல் மெக்டொனால்ட் வழக்கு அந்த உரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றது. ஹெல்லர் தீர்ப்பைப் படிப்பவர்கள், அதை எழுதிய நீதிபதி ஸ்காலியா இந்த உரிமை வரம்பற்றதன்று என்று குறிப்பிட்டு, பள்ளிகள், அரசு அலுவலகங்கள் போன்ற இடங்களில் உள்ள தடைகளை ஐயத்துக்குள்ளாக்கவில்லை என்று எழுதிய பத்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உரிமையின் பெயரால் பேசுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பத்திக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.

பொது இடத்தில் ஏந்துவதைப் பொறுத்தவரை அடிப்படையானது 2022 ஜூன் மாதத்தின் ப்ரூயன் தீர்ப்பு. நியூயார்க் மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல விரும்புகிறவர், பொதுவான தற்காப்பு ஆசை போதாதென்று, தமக்கென்று தனிப்பட்ட தக்க காரணம் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி 1913 முதல் இருந்துவந்தது. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை நீதிமன்றம் செல்லாததாக்கியது. இந்தத் தீர்ப்பைப் பற்றிய செய்திகளை மட்டும் வாசித்தவர்கள் உரிமமே ஒழிந்துவிட்டது என்று எண்ணக்கூடும். அது தவறு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸும் இணைந்த தம் தனிக் கருத்துரையில் நீதிபதி கவானா, கைரேகைப் பதிவு, பின்னணிச் சோதனை, துப்பாக்கிப் பயிற்சி ஆகியவற்றைக் கோரும் உரிம முறைகள் தொடரலாம் என்று தெளிவாக எழுதினார். ஒழிந்தது, தகுதியுள்ளவருக்கும் மறுக்கலாம் என்று அதிகாரிக்கு இருந்த விருப்புரிமை மட்டுமே. ஆகவே ஒரு தீர்ப்பைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் பெரும்பான்மைத் தீர்ப்பு, உடன்பட்டோரின் தனிக் கருத்துரைகள், மாறுபட்ட தீர்ப்பு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

அதே தீர்ப்பு ஒரு புதிய அளவுகோலையும் வைத்தது. ஒரு கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறது என்று அரசு மெய்ப்பிக்க வேண்டும். பொதுமக்களின் பாதுகாப்புக்குப் பயன்படும் என்று காட்டுவது மட்டும் போதாது. இதனால் நீதிபதிகள் பழைய ஆவணங்களைத் தேடும் வரலாற்றாசிரியர்களாக மாற வேண்டியிருக்கும் என்று நீதிபதி பிரேயர் தம் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். அடுத்த இரண்டாண்டுகளில் கீழமை நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளை அறிவித்தன. 2024இல் ரஹிமி வழக்கு இதைச் சற்றுத் தெளிவாக்கியது. குடும்ப வன்முறை தொடர்பான தடையாணைக்கு உட்பட்டவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கும் கூட்டாட்சிச் சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிலைநிறுத்திய நீதிமன்றம், அச்சு அசலான பழைய சட்டம் தேவையில்லை, அடிப்படைக் கொள்கை ஒத்திருந்தால் போதும் என்றது.

மாநிலச் சட்டங்களைப் படிக்கும்போது இரண்டு குழப்பங்களைத் தவிர்க்க வேண்டும். முதலாவது, உரிமம் தேவையில்லை என்பதற்கு யார் வேண்டுமானாலும் ஏந்தலாம் என்று பொருள் கொள்வது. வெர்மான்ட் மாநிலம் தொடக்கம் முதலே உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003இலும், அரிசோனா 2010இலும், டெக்சாஸ் 2021இலும், ஃபுளோரிடா 2023இலும் உரிமத் தேவையை நீக்கின. 2024 முடிவில் இத்தகைய மாநிலங்கள் 29 ஆகியிருந்தன. ஆனால் கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் எல்லா மாநிலங்களிலும் தடைசெய்கிறது. இரண்டாவது, மறைத்து எடுத்துச்செல்வதையும் வெளிப்படையாக ஏந்துவதையும் ஒன்றாக எண்ணுவது. டெக்சாஸில் ஒரு கடைக்காரர் உரிமம் பெற்றவர்கள் மறைத்துக் கொண்டுவருவதைத் தடுக்க ஓர் அறிவிப்பையும், வெளிப்படையாகக் கொண்டுவருவதைத் தடுக்க வேறோர் அறிவிப்பையும் வைக்க வேண்டும் என்ற அளவுக்குச் சட்டம் இவற்றைப் பிரித்துவைத்திருக்கிறது.

வரலாற்றை இரு தரப்பிடமிருந்தும் மீட்டெடுங்கள்

அளவுகோலே வரலாறு என்று ஆகிவிட்டதால், அதைச் சரியாகத் தெரிந்துகொள்வது இப்போது நடைமுறைத் தேவை. பழைய மேற்குப் பகுதியில் எல்லோரும் துப்பாக்கியோடு திரிந்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881இல் இருந்த விதிப்படி ஊருக்குள் வருபவர் தம் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் ஓ.கே. கோரல் அருகே நடந்த பெயர்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று அந்த விதியை நடைமுறைப்படுத்த முயன்றதுதான். மறைத்து எடுத்துச்செல்வதைக் கென்டக்கியும் லூசியானாவும் 1813லேயே தடைசெய்தன. மறுபுறம், ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் 1846இல் மறைத்துச் செல்வதற்கான தடையை ஏற்றுக்கொண்டு, வெளிப்படையாக ஏந்துவதற்கான தடையை மட்டும் செல்லாது என்றது. மறைப்பவன் தீங்கு நினைப்பவன், வெளியே தெரிய வைத்திருப்பவன் நேர்மையானவன் என்பதே அக்காலத்துப் பார்வை. இன்று நிலைமை ஏறத்தாழத் தலைகீழாகிவிட்டது. இடுப்பில் தெரியும் துப்பாக்கியே அருகிலிருப்பவரை அதிகம் அச்சுறுத்துகிறது. ஆகவே ஒரு பழைய சட்டத்தை மேற்கோள் காட்டுபவரிடம், அது எந்த வகை ஏந்துதலைப் பற்றியது என்று கேளுங்கள்.

இந்த வரலாற்றில் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் தவிர்க்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஆயுதம் வைத்திருப்பதை மிசிசிப்பி போன்ற தென் மாநிலங்கள் 1865இலேயே சட்டம் போட்டுத் தடுத்தன. 1956இல் மான்ட்கோமரியில் தம் வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார்; அது மறுக்கப்பட்டது. 1967இல் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் ஆயுதத்தோடு கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்த அதே ஆண்டில், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடைசெய்யும் மல்ஃபோர்டு சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். ப்ரூயன் வழக்கில் நியூயார்க்கின் ஏழைகளுக்காக வாதாடும் பொது வழக்கறிஞர்கள், தங்கள் கட்சிக்காரர்களான கறுப்பின, லத்தீன் மக்களே உரிமச் சட்டத்தால் சிறைக்குப் போகிறார்கள் என்று கூறி, துப்பாக்கி உரிமையாளர்களின் பக்கம் நின்றார்கள். அதிகாரியின் விருப்புரிமை யாருக்கு எதிராகத் திரும்பும் என்ற கேள்வியே உரிமைத் தரப்பின் மிக வலுவான வாதம் என்பது என் துணிபு. அதற்கு விடை சொல்லாத எந்தக் கட்டுப்பாட்டு வாதமும் அரைகுறையானதே.

எண்களைச் சோதியுங்கள்

உரிமம் எளிதாகக் கிடைத்தால் குற்றம் குறையும் என்ற முடிவை 1997இல் பொருளியலாளர்கள் ஜான் லாட்டும் டேவிட் மஸ்டர்டும் வெளியிட்டார்கள். தேசிய ஆய்வு மன்றத்தின் குழு 2004இல் அதே தரவுகளை மீண்டும் பரிசீலித்து, உரிமத்தை எளிதாக்கும் சட்டங்கள் குற்றத்தைக் கூட்டுகின்றனவா குறைக்கின்றனவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. கொலைகளைப் பற்றிய பகுதியில் உறுப்பினர் ஒருவர் மட்டும் மாறுபட்டார். இங்கே கவனிக்க வேண்டியது ஒப்பீட்டுக் காலம். 1980களின் இறுதியில் கிராக் கொக்கைன் என்ற போதைப்பொருளால் எழுந்த வன்முறை பெருநகரங்களைச் சூறையாடியபோது, நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் போன்ற, சட்டத்தைத் தளர்த்தாத மாநிலங்களே அதிகம் பாதிக்கப்பட்டன. அவற்றோடு ஒப்பிட்டால் தளர்த்திய மாநிலம் எதுவும் நல்லதாகவே தெரியும். நீண்ட காலத் தரவுகளோடும் புதிய முறையோடும் ஜான் டானஹ்யூவும் அவர் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, தளர்த்திய மாநிலங்களில் பத்தாண்டுகளுக்குப் பின் வன்குற்றம் 13 முதல் 15 விழுக்காடு வரை கூடுதலாக இருந்ததாக மதிப்பிட்டது. ஆய்வுகளைத் தரம் பிரித்துத் தொகுக்கும் ரேண்ட் நிறுவனமும் அண்மை ஆண்டுகளில் இந்தத் திசையிலேயே சாய்ந்திருக்கிறது. சான்றுகளின் எடை இன்று அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நானும் கருதுகிறேன்.

ஆனால் அந்த முடிவை எடுத்துக்கொண்டு, உரிமம் வைத்திருப்பவர்கள் குற்றவாளிகள் என்று பேசுவது அநீதி. உரிமம் பெற்றவர்கள் ஒரு குழுவாகப் பார்த்தால் அரிதாகவே தண்டிக்கப்படுகிறார்கள். காரிலும் பையிலும் வைக்கப்படும் துப்பாக்கிகள் திருடப்படுவது, சாலையில் எழும் சாதாரணத் தகராறு துப்பாக்கிச்சூட்டில் முடிவது, காவல் துறையின் நேரமும் கவனமும் சிதறுவது ஆகிய வழிகளிலும் வன்குற்றம் கூடலாம் என்று ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள்.

தற்காப்புக்காகத் துப்பாக்கி பயன்படும் எண்ணிக்கையில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1995இல் குற்றவியல் ஆய்வாளர்கள் க்ளெக், கெர்ட்ஸ் இருவரும் வெளியிட்ட கணக்கு ஆண்டுக்கு 25 லட்சம் வரை சொல்கிறது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்துக்கும் குறைவாகச் சொல்கிறது. முதலாவது சுமார் 5,000 பேரிடம் தொலைபேசியில் கேட்டது. அவர்களில் நூற்றில் ஒருவர் தவறாக நினைவுகூர்ந்தாலோ மிகைப்படுத்தினாலோ, ஏறத்தாழ 19 கோடி வயதுவந்தோருக்கு அதை விரிக்கும்போது 19 லட்சம் நிகழ்வுகள் வெறும் பிழையாலேயே உருவாகிவிடும். இரண்டாவது, தாம் குற்றத்துக்கு உள்ளானதாக முதலில் சொன்னவர்களிடம் மட்டுமே தற்காப்பைப் பற்றிக் கேட்கிறது. ஆகவே அது குறைத்துக் காட்டக்கூடும். இதைவிட முக்கியமானது, க்ளெக்கின் கணக்கிலேயே பெரும்பகுதி வீட்டிலோ வீட்டை ஒட்டியோ நடந்தவை. அவற்றைத் தெருவில் ஏந்துவதற்கான சான்றாக நீட்ட முடியாது.

தனி நிகழ்வுகளும் அப்படியே. 2022 ஜூலையில் இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தில், உரிமத் தேவை நீக்கப்பட்ட சில வாரங்களுக்குள், துப்பாக்கியோடு வந்திருந்த ஓர் இளைஞர் கொலையாளியைச் சுட்டு வீழ்த்திப் பலரைக் காப்பாற்றினார். 2021இல் கொலராடோவின் ஆர்வாடாவில் அதேபோல் தாக்குதல்காரனை வீழ்த்திய ஒருவரை, அங்கு வந்துசேர்ந்த காவலர் கொலையாளி என்று எண்ணிச் சுட்டுக்கொன்றார். இரண்டும் உண்மை, இரண்டில் எதுவும் ஒரு சட்டத்தின் சராசரி விளைவைச் சொல்லாது.

உங்கள் முடிவை எழுதிப் பாருங்கள்

சட்டத்தையும் சான்றையும் பார்த்த பிறகும் மீந்திருப்பது மதிப்பீடு. முன்னாள் கணவனுக்கு எதிராகத் தடையாணை பெற்று, காவலர் வர நெடுநேரமாகும் இடத்தில் வாழும் பெண்ணின் தேவையை எண்ணிப் பாருங்கள். 2020 ஏப்ரல் 30 அன்று மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நீண்ட துப்பாக்கிகளோடு நின்ற போராட்டக்காரர்களுக்குக் கீழே அமர்ந்து வாக்களிக்க வேண்டியிருந்த உறுப்பினரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் ஒரே விதி போதாது. தகுதிகள் எழுத்தில் வரையறுக்கப்பட்டு, பயிற்சி கட்டாயமாகி, விண்ணப்பத்துக்குக் காலவரம்பு விதிக்கப்பட்டு, மறுப்புக்கு மேல்முறையீடும் ஏழைகளுக்குக் கட்டண விலக்கும் உள்ள உரிம முறையும், வாக்குச்சாவடி, சட்டமன்றம், பள்ளி போன்ற இடங்களில் முழுத் தடையும் இந்த இரண்டு தேவைகளுக்கும் இடம்தரும் என்பது என் நிலைப்பாடு. உங்களுடையது வேறாக இருந்தால், மேலே சொன்ன இருவருக்கும் அது என்ன செய்கிறது என்பதை இரண்டு வரிகளில் எழுதிப் பாருங்கள்.

அதன் பிறகு வரும் செய்திகளை வாசிக்கும்போது, துப்பாக்கிச் சட்டம் ரத்து என்ற தலைப்பைக் கண்டவுடன் எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, தீர்ப்புக்கு இடைக்காலத் தடை உண்டா என்ற மூன்றையும் தேடுங்கள். ப்ரூயனுக்குப் பின் நியூயார்க் இயற்றிய 2022ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கீழமை நீதிமன்றம் பெருமளவு முடக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடக்கத்தை நிறுத்திவைத்து, 2023 டிசம்பரில் பல பிரிவுகளை ஏற்றுச் சிலவற்றை விலக்கியது. அவ்வளவும் ஒரே சட்டத்தின் கதை. ஒரு மாநிலத்தின் உரிமத்தை அடுத்த மாநிலம் ஏற்காமல் போகலாம் என்பதையும், 1986இன் கூட்டாட்சிச் சட்டம் தோட்டா நீக்கி, கைக்கெட்டாத இடத்தில் வைத்துக் கடந்துசெல்லும் பயணத்தை மட்டுமே காக்கிறது என்பதையும், அங்கே வாழும் உறவினர்களிடம் இதைப் பற்றிப் பேசுவோர் மறக்காமல் சொல்ல வேண்டும்.