வெர்பீனா டீ: இலையைக் கொதிக்கவிடாதீர்கள்
லெமன் வெர்பீனா என்ற வாசனைச் செடியின் இலையை டீத்தூள் போலக் கொதிக்கவிட்டால் எலுமிச்சை வாசனை தரும் எண்ணெய் ஆவியோடு போய், புல் வாடைதான் மிஞ்சும்.

ஒரு டம்ளருக்குப் பச்சை இலை 5 அல்லது 6. காய்ந்தது என்றால் ஒரு டீஸ்பூன். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, இலையைக் கசக்கிப் போட்டு, 5 நிமிடம் தட்டால் மூடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆறவிடத் தேவையில்லை. தட்டின் அடியில் கோத்து நிற்கும் துளிகளையும் டம்ளரிலேயே தட்டிவிடுங்கள். வாசனை அதிலும் இருக்கிறது. பால் வேண்டாம். காஃபின் இல்லை, ராத்திரியும் குடிக்கலாம். வயிற்று உப்புசத்துக்கு இதம் என்று வெகுகாலமாகக் குடிக்கிறார்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை: வேலியோர உண்ணிச்செடியும் இதே குடும்பம்தான். இலையில் அதே சொரசொரப்பு, ஆனால் விஷம். வெர்பீனா இலை ஒடுக்கமாக, பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாக நிற்கும். உண்ணிச்செடியில் அகல இலை, இரண்டிரண்டாக, ஓரத்தில் ரம்பப் பல்.

டிசம்பர் உறைபனியில் வெர்பீனா செடி மொட்டையானால் பிடுங்கிவிடாதீர்கள். வேர் தப்பியிருந்தால் வெயில் ஏறியதும் துளிர்க்கும்.