குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்கும் முறை: முதலில் தெருவைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

கடைக்குள் எல்லாத் தள்ளுவண்டியும் நன்றாகத்தான் உருளும். வழவழப்பான டைல்ஸ் தரையில், குழந்தை உட்காராத வெற்று வண்டியை ஒரு கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, நிறத்தையும் விலையையும் மட்டும் வைத்து முடிவெடுத்துவிடுகிறோம். நாங்களும் முதல் வண்டியை அப்படித்தான் வாங்கினோம். அதன் எடை 13 கிலோ. எங்கள் வீடோ லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் இரண்டாம் மாடி. குழந்தையை ஒரு கையிலும் வண்டியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு படியிறங்க முடியாது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. அதன்பின் அந்த வண்டி பால்கனியில் நின்று, உலர்ந்த துணிகளைப் போட்டுவைக்கும் கூடையாகப் பல மாதம் உழைத்தது.

முதல் குழந்தைக்கு வண்டி வாங்கப்போகிறவர்களுக்காக, சென்னையையும் அதைப் போன்ற ஊர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. குழந்தை தொட்டிலில் கிடப்பதுபோல் மல்லாந்து படுத்துச் செல்லும் வண்டியைப் பிராம் என்றும், உட்கார்ந்து செல்வதை ஸ்ட்ரோலர் என்றும் சொல்வது வழக்கம். ஆனால் நம் கடைகளில் இரண்டு பெயர்களும் ஒன்றுக்கு ஒன்று மாற்றி வழங்கப்படுவதால், அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை நம்பாமல், முதுகுச் சாய்வு எதுவரை தாழ்கிறது என்பதைப் பார்த்து வண்டியின் வகையை அறிந்துகொள்ளுங்கள்.

முதல் படி: வண்டி போகப்போகும் இடங்களை எழுதுங்கள்

ஒரு தாளில், குழந்தை பிறந்த பிறகு நீங்கள் வழக்கமாகப் போகக்கூடிய இடங்களையும், அங்கே எப்படிப் போவீர்கள் என்பதையும் எழுதுங்கள். குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே மாலை நடை என்றால் எந்த வண்டியும் போதும். தி.நகர் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையிலும் சிறுசக்கர வண்டி சிரமமின்றி ஓடும். ஆனால் அங்கிருந்து கிளைபிரியும் தெருக்களுக்குள் நுழைந்தால், பெயர்ந்த சிமென்ட் பலகைகளும், நடைபாதைமேல் நிறுத்திய இருசக்கர வாகனங்களும், மின்வாரியப் பெட்டிகளும் வழிமறிக்க, சாலை ஓரத்தில்தான் தள்ளிச் செல்ல நேரிடும். பெசன்ட் நகர் கடற்கரையின் நடைபாதை வேறு, மணல் வேறு. மணலில் இறங்கினால் சின்னச் சக்கரங்கள் புதைந்து நின்றுவிடும். மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் வண்டியோடு போவது எளிது. புறநகர் ரயிலில் பெரும்பாலும் நடைமேம்பாலப் படிகளை ஏற வேண்டியிருப்பதால், மடித்துத் தோளில் மாட்டக்கூடிய வண்டி இல்லையென்றால் அந்தப் பயணத்தையே மறந்துவிடலாம்.

இந்தத் தாளை எழுதும்போதே பலருக்கு ஓர் உண்மை புலப்படும்: முதல் மூன்று மாதங்களுக்கு வண்டிக்கு அவசரமில்லை. நம் வீடுகளில் கைக்குழந்தையை நாற்பது நாள்வரை வெளியே எடுத்துச் செல்வது குறைவு. அதன் பிறகும் 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிக்காக மருத்துவமனை போய்வருவதே முக்கியப் பயணமாக இருக்கும். அதற்குத் தள்ளுவண்டி தேவைப்படாது. வீட்டுக்குள் தூங்கவைக்கத் தூளி இருக்கிறது. ஆகவே சீமந்தம் முடிந்த கையோடு வண்டி வாங்கிவிட வேண்டும் என்று யாரேனும் வற்புறுத்தினால், பொறுமையாகத் தலையாட்டிவிட்டுப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அளவு நாடாவை எடுங்கள்

வீட்டு வாசல், லிஃப்ட் கதவு, வளாகத்தின் சிறு கேட், கார் டிக்கி ஆகிய நான்கின் அளவுகளையும் எடுத்துக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்கான வண்டிகளின் அகலம் பொதுவாக 45 முதல் 60 சென்டிமீட்டர்வரை இருக்கும். ஆகவே லிஃப்ட் கதவைவிட, லிஃப்டின் உள் ஆழமே பெரும்பாலும் சிக்கலைத் தரும். வண்டியும் அதன் பின்னால் நிற்கும் நீங்களும் சேர்ந்து உள்ளே அடங்க வேண்டும். வாடகைக் காரில் அடிக்கடி போகிறவர்கள், டிக்கியின் பெரும்பகுதியை சி.என்.ஜி. சிலிண்டர் பிடித்துக்கொள்ளும் கார்கள் வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆட்டோவில் போவதென்றால், கோல்போல் நீளமாக மடங்கும் குடை வகை வண்டியே கால்மாட்டில் அடங்கும்.

குடை வகையைப் பற்றி இங்கேயே ஒரு செய்தி. 1965இல் இதை வடிவமைத்த ஓவன் மெக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றிய பிரிட்டிஷ் பொறியாளர். விமானத்தின் வயிற்றுக்குள் சக்கரத்தை மடித்துவைக்கும் சிந்தனையும் அலுமினியக் குழாயும் சேர்ந்தபோது, அதுவரை மரச்சாமான்போல் கனத்த குழந்தை வண்டி கையில் தூக்கிச் செல்லும் பொருளாக மாறியது. இன்று குடை வகை வண்டிகள் ஏறக்குறைய 5 முதல் 7 கிலோவும், முழு அளவு வண்டிகள் 9 முதல் 13 கிலோவும் எடை கொண்டவையாக விற்கப்படுகின்றன.

எடையைக் கேட்கும்போது, அதைத் தூக்கப்போவது யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள் சில வாரங்கள்வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது என்றே மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால், வண்டியை விரிப்பதும் மடிப்பதும் பாட்டிக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டாவதாக வாங்கிய வண்டியை என் மாமியார் கையில் கொடுத்து மடிக்கச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கட்டினோம்.

மூன்றாம் படி: குழந்தையின் வயதுக்கு ஏற்ற சாய்வைத் தேர்ந்தெடுங்கள்

மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. பிறந்த குழந்தையின் தலை அதன் உடலோடு ஒப்பிட்டால் கனமானது, கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. நிமிர்ந்த இருக்கையில் அக்குழந்தையை வைத்தால் தலை முன்னால் சாய்ந்து, மோவாய் நெஞ்சில் படிந்து, மெல்லிய மூச்சுக்குழல் மடங்கி அடைபடக்கூடும். அப்படி நேரும்போது குழந்தை அழுது காட்டிக்கொடுக்காது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. கழுத்து நிற்பதற்கு மூன்று, நான்கு மாதங்களும், துணையின்றி உட்காருவதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்களும் ஆகும். ஆகவே பிறந்தது முதல் பயன்படுத்தவேண்டும் என்றால், முதுகுப்பகுதி கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகத் தாழும் வண்டியையோ, தனியாகக் கழற்றி மாட்டும் படுக்கைக் கூடை உள்ளதையோ மட்டுமே வாங்குங்கள். குழந்தை நன்றாக உட்காரத் தொடங்கிய பிறகு வாங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எளிய குடை வகையே போதும்.

முழுதாகச் சாய்ந்தாலும் வண்டி வண்டிதான், தொட்டில் ஆகாது. இருக்கை வகைச் சாதனங்களை, குறிப்பாக நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, வழக்கமான தூக்க இடமாக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி பரிந்துரைக்கிறது. நடையில் தூங்கிவிட்ட குழந்தையை வீடு வந்ததும் சமமான, கெட்டியான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். கார் இருக்கையைக் கழற்றி அப்படியே சக்கரச் சட்டத்தில் மாட்டும் வண்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: கார் இருக்கை பயணத்துக்கு உரியது, கடைவீதியில் மணிக்கணக்கில் குழந்தையைக் கிடத்துவதற்கு உரியதன்று.

குழந்தையின் முகம் தள்ளுபவரை நோக்கியிருக்கும்படி இருக்கையையோ கைப்பிடியையோ திருப்பமுடிந்தால், முதல் ஆறு மாதத்துக்கு அது பெரிய வசதி. குழந்தை எதுக்களிப்பதும் தலை சாய்வதும் உடனே கண்ணில் படும்.

நான்காம் படி: சக்கரத்தைக் குனிந்து பாருங்கள்

முதல் படியில் எழுதிய தாள் இங்கேதான் பயன்படும். உள்ளங்கையளவுள்ள இரட்டைப் பிளாஸ்டிக் சக்கரங்கள் மால்களுக்கும் விமான நிலையத்துக்கும் ஏற்றவை. மழைநீர் வடிகால் மூடியின் இடைவெளியிலோ, பெயர்ந்த பலகைகளின் நடுவிலோ அவை மாட்டிக்கொள்ளும்போது வண்டி சட்டென்று நின்று முன்பக்கம் கவிழப் பார்க்கும். நம் தெருக்களுக்கு, குறைந்தபட்சம் பின்சக்கரங்களாவது பெரியவையாக, ரப்பர் அல்லது கெட்டியான ஃபோம் டயருடன் இருப்பது நல்லது. காற்றடிக்கும் டயர் குலுக்கலை மிக நன்றாகத் தாங்கும், ஆனால் பஞ்சராகும். குழந்தை வண்டியைச் சைக்கிள் கடைக்கு உருட்டிச் சென்று ஒட்டுப்போடும் பொறுமை உங்களுக்கு உண்டா என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

முன்சக்கரங்கள் சுழலவேண்டும்; கரடுமுரடான இடத்தில் அவற்றை நேராகப் பூட்டிவிடவும் முடியவேண்டும். கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரங்களை உயர்த்திப் பாருங்கள். நடைபாதை ஏறும்போதும் வேகத்தடையைக் கடக்கும்போதும் இதைத்தான் நாள்தோறும் செய்யப்போகிறீர்கள். அப்போது சட்டம் முறுக்கிக்கொண்டு முனகினால் அந்த வண்டி வேண்டாம்.

ஐந்தாம் படி: பெல்ட், பிரேக், கீல்

பெல்ட் ஐந்து முனை கொண்டதாக இருக்கட்டும்: தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, தொடைகளுக்கு நடுவே ஒன்று. இடுப்பை மட்டும் பிடிக்கும் பெல்ட்டிலிருந்து எட்டு மாதக் குழந்தை எழுந்து நின்றுவிடும். பிரேக்கை ஒரே மிதியில் இரு பின்சக்கரங்களுக்கும் போட முடிகிறதா என்று பாருங்கள். செருப்பு அணிந்த காலால் பிரேக்கை எடுப்பதற்குப் பெருவிரலால் நெம்பவேண்டிய அமைப்புகள் சில உண்டு. நம்மூரில் ஷூ அணிந்து தள்ளுகிறவர்கள் குறைவு என்பதால் இதைச் செருப்புக் காலாலேயே சோதியுங்கள்.

மடியும் கீல்களில் விரல் நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது, இருந்தால் அதன்மேல் உறை இருக்கவேண்டும். 2009இல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் குடை வகை வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டு, கீல்களுக்கு உறைகள் வழங்கப்பட்டன. வண்டியை விரிக்கும்போது கீலில் சிக்கிக் குழந்தைகள் சிலர் விரல்நுனியை இழந்ததே காரணம். விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை எட்டாத தொலைவில் இருக்கவேண்டும் என்பது எந்த வண்டிக்கும் பொது விதி. விரித்த பிறகு தானாக மடங்காமலிருக்க இரண்டாவது பூட்டு ஒன்று உண்டா என்றும் கேளுங்கள்.

பெட்டியில் இ.என். 1888 என்ற ஐரோப்பியத் தரக்குறியீடு இருந்தால் அது நல்ல அறிகுறி. அதன் முதல் பகுதி 15 கிலோவரையும், இரண்டாம் பகுதி 22 கிலோவரையும் எடையுள்ள குழந்தைகளுக்கான வண்டிகளைப் பற்றியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி மூன்று வயது ஆண் குழந்தையின் நடுவெடை 14.3 கிலோ என்பதால், பெரும்பாலோருக்கு 15 கிலோ வண்டியே தேவை தீரும்வரை தாங்கும்.

ஆறாம் படி: வெயிலுக்கும் கொசுவுக்கும்

குளிர்நாடுகளுக்காக வடிவமைத்த வண்டிகளில் பஞ்சு மெத்தை தடிமனாக இருக்கும். அது இங்கே முதுகில் வேர்க்குருவைத்தான் தரும். முதுகுப்பகுதியில் காற்றுப் புகும் வலைத்துணி உள்ளதா, மேல்மூடி நெற்றியைத் தாண்டி இறங்குகிறதா, துணியைக் கழற்றித் துவைக்க முடியுமா என்ற மூன்றையும் பாருங்கள். மேல்மூடி போதாமல் வெயில் படுகிறது என்பதற்காகத் துண்டையோ புடவை முந்தானையையோ வண்டியின்மேல் போர்த்துவது பார்ப்பதற்குப் பரிவாகத் தோன்றினாலும், உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் வேகமாக ஏறும். குழந்தையின் முகமும் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் நடப்பதே சரியான வழி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும்தான் அதிகம் கடிக்கும் என்பதால், வண்டியை முழுதாக மூடும் மெல்லிய கொசுவலையைக் கூடவே வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் மழையுறையை மழை நின்றதும் கழற்றிவிட வேண்டும்.

ஏழாம் படி: கடையில் அரிசிப் பையோடு சோதியுங்கள்

கடைக்கு 5 கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. அதை இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டு, ஒரு கையால் நேராகத் தள்ளுங்கள், திருப்புங்கள். முடிந்தால் கடை வாசலைத் தாண்டி நடைபாதைவரை கொண்டுபோகக் கேளுங்கள். பிறகு பையை இறக்கி இடது கையில் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வண்டியை மடியுங்கள். ஆட்டோ வந்து நிற்கும்போது உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு கைதான். வீட்டில் உயரமானவரும் குட்டையானவரும் தள்ளிப் பார்க்கட்டும். குனிந்து தள்ளவேண்டிய கைப்பிடி பத்து நிமிடத்தில் இடுப்பு வலியைத் தரும். விமானப் பயணம் அடிக்கடி உண்டென்றால், நம் நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் 55 × 35 × 25 சென்டிமீட்டருக்குள் மடிந்த வண்டி அடங்குகிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

உறவினர் வீட்டிலிருந்து பழைய வண்டி கிடைத்தால் மறுக்காதீர்கள். பிரேக் பிடிக்கிறதா, பெல்ட்டின் கொக்கி உடையாமல் உள்ளதா, சட்டத்தில் விரிசலோ துருவோ இருக்கிறதா என்று பார்த்து, துணியைத் துவைத்துப் பயன்படுத்தலாம். என் கணிப்பில், இருபதாயிரம் ரூபாய்ப் புதுவண்டி ஒன்றில் கிடைக்கும் வசதிகளில் பாதி, ஆறு மாதத்துக்குப் பிறகு யாரும் தொடாதவை.

வாங்கிய பிறகு

முதல் இரண்டு நாள் குழந்தையின்றி வீட்டுக்குள்ளேயே விரித்து மடித்துப் பழகுங்கள். நின்ற இடத்திலெல்லாம், தரை சமமாகத் தெரிந்தாலும், பிரேக் போடுங்கள். ரயில் நடைமேடையில் வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாகத் திருப்பி நிறுத்துங்கள். எஸ்கலேட்டரில் ஏற்ற வேண்டாம். காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. குழந்தை உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது; குழந்தையைத் தூக்கிய மறுகணம் வண்டி பின்னால் சாயும், அடுத்தமுறை குழந்தையோடும் சாயலாம். பையைக் கீழ்க்கூடையில் வையுங்கள்.

கடற்கரை போய்வந்த நாளில் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பும் மணலும் அச்சைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை வண்டியைக் கவிழ்த்து, முன்சக்கர அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியைக் கத்தரித்து எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த வண்டியை மடித்து மூலையில் வைத்தால் துணியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், விரித்தபடியே மின்விசிறியின்கீழ் ஓர் இரவு நிறுத்திவையுங்கள்.